உதடு மூடாத சொல்

ஒரு விடுகதை போடுகிறேன், அவசரப்படாமல் யோசியுங்கள். வாயைத் திறந்து, ஒருமுறை மூடி, மறுபடி திறந்தால் வந்துவிடுகிற சொல் அது. பல் முளைக்காத குழந்தைக்கும் வரும். ஒரு பெண் ஓர் அறைக்குள் இருந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னால் சாலிகிராமத்தில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார், கொரியாவில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அவள் கூப்பிட்டது ஒருவரைத்தான். யாரை? சொல்லைக் கண்டுபிடிப்பது சுலபம், ‘அப்பா’தான். யாரை என்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தில்தான் சிதம்பரதாணு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தது வேலைக்காக. டப்பிங் வசனம் எழுதுகிறவர் அவர். திரையில் இருப்பவர்கள் எந்த மொழியில் வாயை அசைத்தாலும் அந்த அசைவுக்குள் தமிழைக் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். வருஷக்கணக்காக ஹிந்தித் தொடர்களின் மாமியார்களுக்கும் மருமகள்களுக்கும் தமிழ் கொடுத்தவர், இப்போது சேனல்காரர்கள் கொரியத் தொடர்களை வாங்கத் தொடங்கிய பிறகு கொரியர்களுக்குக் கொடுக்கிறார். கொரியன் அவருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் வசனத்தை அனுப்பிவிடுவார்கள், அதைப் பார்த்துத் தமிழில் எழுதுவார். எழுதும்போது ஒலியை அடைத்துவிடுவது அவர் பழக்கம். வேற்றுமொழி காதில் விழுந்தால் அதன் தாளம் கையைப் பிடித்து இழுக்கும், உதட்டை மட்டும் பார்த்தால் போதும். ப, ம இரண்டும் வந்தால் உதடு மூடும். உதடு மூடுகிற இடத்தில் மூடுகிற எழுத்தைப் போடு, மூடாத இடத்தில் போடாதே, மற்றதெல்லாம் உன் சாமர்த்தியம் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார். இன்றைக்கு அந்தச் சாமர்த்தியம் ஒரு பேருந்து நிலையத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி போட்ட ஒரு அப்பா, பை சுமந்த ஒரு மகள். மகள் திரும்பி நடக்கிறாள். கேமரா அவள் முதுகைக் காட்டுகிறது. பிறகு அப்பாவின் முகம். அவர் ஒரே ஒரு சொல் சொல்கிறார். ஆங்கிலத்தில் ‘பை’ என்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சொல்கிறவர் வாய் என்னவோ மூன்று தடவை அசைகிறது, ஒரு தடவைகூட மூடவில்லை, கடைசியில் மட்டும் உதடு குவிந்து விரிகிறது. ‘போ’ வைக்கலாம் என்றால் முதல் எழுத்திலேயே உதடு மூடிவிடும். ‘பத்திரம்மா’ அதைவிட மோசம். ‘டாட்டா’ உட்காரும். சேனல்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அந்த வாயில் டாட்டாவைத் திணிக்க தாணுவுக்கு மனசு வரவில்லை. திரும்பப் போட்டார். முதுகு, முகம், மூன்று அசைவு. திரும்பப் போட்டார். பக்கத்து அறையின் மூடிய கதவுக்குள்ளே பனிமொழி சிரித்தாள்.

பனிமொழி அவருடைய ஒரே மகள், பிளஸ் டூ முடித்திருக்கிறாள், அந்தக் கதவு இப்போதெல்லாம் மூடித்தான் இருக்கிறது. உள்ளே போன் ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல், வயதான குரல், தொண்டையில் லேசான கரகரப்போடு, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோலப் பேசுகிற குரல். ஹான் சார். வெளியில் ஹான் சார், தாணுவின் மனசுக்குள் அந்த ஆள். கொரியாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனி வேலைக்கு வந்தவராம், ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாமல் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் பிள்ளைகளுக்குக் கொரியன் சொல்லிக்கொடுக்கிறாராம், மனைவி இறந்துவிட்டாராம், தயிர்சாதம் பிடிக்குமாம். எல்லாம் ‘ஆம்’தான். பனி வந்து சொன்னவை. அவள் சொல்லும்போது தாணு தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், கேட்டதை எல்லாம் மறக்காமல் வைத்துக்கொள்வார், ஒரு வீட்டுக்காரர் எதிர்வீட்டில் மாடி எழும்புவதைப் பார்ப்பதுபோல. ஒருநாள் சாப்பிடக்கூட வந்தார். ரச டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாணுவின் மனைவி கோமதி பூரித்துப்போனாள், எவ்வளவு மரியாதை பார்த்தீங்களா என்றாள். தாணுவைப் பார்த்து ‘பனி அப்பா’ என்று கூப்பிட்டார் அந்த ஆள், அவர்கள் ஊரில் பெற்றவர்களைப் பிள்ளை பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். பனி அப்பா. காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே என்றுதான் கோபம் வந்தது. என் பெண்ணுக்கு நான் அப்பா என்று இந்த ஆள் சான்றிதழ் கொடுக்கிறாரா. அதற்கு மறுநாளோ என்னவோ, காலையில் காபி ஆற்றிக் கொடுத்தபோது பனி இரண்டு கையாலும் வாங்கி லேசாகக் குனிந்தாள். தெரியாமல் செய்தாள், பழக்கம். தாணுவுக்குத் தன் வீட்டிலேயே தான் விருந்தாளியாகிவிட்டது போல இருந்தது. என்னம்மா இது, நான் என்ன அம்பாசிடரா என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். சிரிப்புத்தான் முகத்தில் உட்கார்ந்தது, உதடு சரியாக உட்காரவில்லை.

முதுகு, முகம், மூன்று அசைவு. யார் ஆரம்பித்தது இதை? தாணுதான். வேறு யார். இதே மேஜை, இதே நாற்காலி, முதல் கொரியத் தொடர் வந்திருந்த சமயம். பணக்கார வீட்டுப் பெண் அப்பாவோடு சண்டை போடுகிற காட்சி. பணக்கார வீடு என்றால் டாடி என்றுதான் எழுத வேண்டும், சேனல் சட்டம். டாடி என்று எழுதினார். அந்தப் பெண்ணுடைய உதடு நடுவில் மூடித் திறந்தது, டாடிக்கு உதடு மூடாது, ஏதோ சின்னப் பிசகு, போகட்டும் என்று விட்டுவிட்டார். பின்னால் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பனி கையை நீட்டி ஒலியைத் திறந்தாள். திரையில் இருந்த பெண் பட்டையைக் கிளப்புகிற கோபத்தோடு கத்தினாள்: அப்பா! இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ‘அப்பா, அவ அப்பான்னுதாம்பா சொல்றா! தமிழ்லயே பேசுறா! அதைப் போய் நீ டாடின்னு மாத்தி வச்சிருக்கே!’ பிஸ்கட் புரையேறும் வரைக்கும் சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்றைக்கு முழுக்க அவர்கள் வேட்டையாடினார்கள். அங்கேயும் புல் என்றால் புல். நாள் என்றால் நல். வா என்றால் வா! இது எப்படிப்பா, இது எப்படிப்பா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தற்செயலா இருக்கும்மா, ஆயிரம் வார்த்தை இருந்தா நாலு ஒத்துப்போகும் என்றார். அவள் அந்த நாலைப் பிடித்துக்கொண்டு ஆயிரத்துக்குப் போய்விட்டாள். அவர் நாலிலேயே நின்றார். கீழ்ப்பாக்கம் வகுப்பில் அவரேதான் பைக்கில் கொண்டுபோய் விட்டார், இரண்டாவது மாடியில் இருந்து ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது, அவரேதான் கை ஆட்டினார். அப்போது எவ்வளவு சந்தோஷமாக ஆட்டியிருக்கிறோம்.

தெருவில் இளநீர்க்காரன் போனான். குக்கர் வைத்துவிட்டு கோமதி தாம்பரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், மூணாவது விசில்ல அணைச்சிடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், எத்தனை வந்தது, தெரியவில்லை. எழுந்துபோய் அணைத்தார். திரும்பி வரும்போது கதவருகே கால் தானாக மெதுவாயிற்று. உள்ளே அவள் கொரியனில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வேகத்தில் அவள் குரலே வேறு. தமிழில் பேசும்போது அவள் குரல் சற்று இழுக்கும், மூக்கில் உரசும். கொரியனில் அது மேலே ஏறி நின்றுகொள்கிறது, ஒரு மாடியில் இருந்து பேசுவதுபோல. நடுவில் ‘அப்பா’ என்றாள். ‘என்னம்மா?’ என்றார் தாணு. வாயிலிருந்து வந்துவிட்டது. ‘உன்னை இல்லப்பா!’ என்று பனி கத்தினாள், ஸ்பீக்கரில் அந்த ஆள் சிரித்தார், அவளும் சிரித்தாள். தாணு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். உன்னை இல்லை. சரி. யாரை? யாரையோ. அங்கே ஒரு அப்பா இருக்கிறார், பாடத்தில் வருகிற அப்பாவாக இருக்கலாம், அந்த ஆளுடைய அப்பாவாக இருக்கலாம், இல்லை அந்த ஆளையே. இல்லை, அப்படி எல்லாம் யோசிக்கக் கூடாது. பொறாமைங்க, வேற ஒண்ணும் இல்ல, உங்களுக்கு அந்த மனுஷன் மேல பொறாமை என்று கோமதி போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கு எதுக்குடி பொறாமை, அவருக்கு என்ன வயசு, எனக்கு என்ன வயசு என்றார். ‘வயசைப் பத்தி நான் பேசவே இல்லியே’ என்றாள்.

ஒப்பிலக்கியம். அதுதான் படிக்கப் போகிறாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. போவது முடிவாகிவிட்டது, பெட்டிகூட வாங்கியாயிற்று. ஒப்பிலக்கியத்துக்கு இரண்டு மொழி வேண்டும், ஒன்றை வைத்து இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். முதல் மொழி கொரியன், அதில் பேச்சே இல்லை. பக்கத்தில் எந்த மொழியை வைப்பது என்பதை இன்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியம் எடு என்கிறார் அந்த ஆள். ஜப்பான் ஆட்சியில் வளர்ந்த பழைய கொரிய எழுத்தாளர்களை ஆழமாகப் படிக்க ஜப்பானியம் வேண்டுமாம். இருக்கலாம். ஆனால் பக்கத்தில் தமிழை வைக்கலாமே. தாணு இதை வாய் திறந்து சொல்லவில்லை. அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தார். அவளும் சொன்னாள், அதுதான் கொடுமை. இன்று காலை, பல் தேய்த்துக்கொண்டே, நுரை வாயோடு வந்து நின்று, ‘ஏம்பா, ரெண்டாவதா தமிழை எடுத்தா என்ன?’ என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காக மாசக்கணக்கில் காத்திருந்த மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எடும்மா. நாலு எழுத்து. கடைசி எழுத்தில் உதடு மூடித் திறந்தால் முடிந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் கையில் இருந்த போன் ஒளிர்ந்தது, திரையில் ஹான் சார் பெயர், கேட்டதற்குப் பதில் வருவதற்குள் அவள் கண் அங்கே போய்விட்டது. தாணுவுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. ‘ஒப்புக்கு எடுக்காதே’ என்றார். ‘அப்பா மனசு நோகுமேன்னு ஒண்ணும் எடுக்க வேண்டாம். தமிழ் யாரும் போடுற பிச்சையில இல்ல.’ அவள் நுரையை விழுங்கிவிட்டாள் போலிருந்தது. குளியலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

ஒப்புக்கு. எங்கிருந்து வந்தது அந்தச் சொல். ஒப்பிலக்கியம் ஒப்பிலக்கியம் என்று வீட்டில் நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு நாக்கு நுனியில் வந்து நின்றிருக்கிறது. சொல்லோடு வேலை செய்கிறவனுக்கு இதுதான் தொல்லை, கோபம் வந்தாலும் எதுகையோடு வரும். ஒப்பு. சின்ன வயசில் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை அழுதால், சரி நீ ஒப்புக்கு வா என்பார்கள். அவன் ஓடுவான், யாரும் தொட மாட்டார்கள், அவுட்டும் கிடையாது. ஒப்பு. ஒப்பனை. ஒப்படைத்தல். இரண்டாவது மாடி நரைத்தலைக்குக் கை ஆட்டினோமே, அது ஒப்படைத்தல். ஒப்பாரி. அட, வாயைக் கழுவு. ஒப்புக்கொள்ளுதல். அதுதான் மிச்சம் இருக்கிறது. கதவைத் தட்டி, பனி, காலைல சொன்னது தப்பும்மா, எடுத்துக்கோ என்று ஒப்புக்கொண்டால் என்ன? ஸ்பீக்கரில் அந்த ஆள் இருக்கும்போதா? அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது போய்த் தமிழை எடுத்துக்கோம்மா என்று கை ஏந்தி நிற்பதா? முடியட்டும். பேசி முடித்துவிட்டு வெளியே வரட்டும். அப்புறம் சொல்லலாம். தாணு எடை போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்த ஆளுக்கு என்ன இருக்கிறது, தனக்கு என்ன இருக்கிறது. அவருக்குக் கீழ்ப்பாக்கம், தனக்குச் சாலிகிராமம். அவருக்குப் பொறுமை, தனக்கு எதுகை. தப்பை அவர் திருத்தும்போது பனி வாயை மூடிக் கேட்டுக்கொள்கிறாள், தான் திருத்தினால் போப்பா என்கிறாள். பொறாமைக்காரன் படிப்பதும் ஒப்பிலக்கியம்தான், பட்டம் மட்டும் கொடுப்பதில்லை. ஆனால் ஒப்பிட்டுக்கொண்டே போன கணக்கு ஒரு இடத்தில் வந்து முட்டியது, எப்போதும் முட்டுகிற இடம்தான், முட்டியவுடன் திரும்பிவிடுவார், இன்றைக்குத் திரும்ப முடியவில்லை. திரையில் அந்தக் கண்ணாடிக்காரர் வாய் அசைத்துக்கொண்டே இருந்தார், சத்தமில்லாமல். இவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் மகளுக்குத் தெரியும். கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். இருபது வருஷமாக நான் அடுத்தவர் வாயைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறேன், அவள் உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பொறாமை அந்த ஆள் மேல் மட்டும் இல்லை. இதை எந்த அப்பனாவது வெளியில் சொல்வானா? பெற்ற பெண் மேல்.

அப்போதுதான் அது கேட்டது. ஸ்பீக்கரில், தெளிவாக, அந்த ஆளின் குரல்: ‘தனியா வா.’

தாணுவின் கை மேஜை மேலேயே நின்றது. தனியா வா. தமிழா? அந்த ஆளுக்குத் தமிழ் தெரியும், கொஞ்சம், தண்ணி, போதும், நல்லா இருக்கு, அந்த அளவுக்கு. தனியா வா என்று சொல்கிற அளவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பனி மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். மறுபடி அவர், இப்போது இன்னும் நிதானமாக: ‘தனியா வா.’ எங்கே வரச் சொல்கிறார்? எதற்கு? அப்பாவை விட்டுவிட்டு வா என்றா? பார்த்தாயா, பார்த்தாயா, கோமதி, எவ்வளவு மரியாதை, இரண்டு கையால் டம்ளர், இதற்குத்தானா. எழுந்தார். நாற்காலி கீச்சிட்டது. கதவு வரை போனார். கைப்பிடியைத் தொடவில்லை. திறந்து என்ன கேட்பது? என் பெண்ணைத் தனியாக எங்கே கூப்பிடுகிறாய் என்றா? கேட்டுவிட்டு, அது ஒன்றுமில்லாத சமாசாரமாக இருந்தால்? வகுப்புக்குத் தோழிகளோடு கும்பலாக வராதே என்பதாக இருந்தால்? பனி தன்னைப் பார்க்கப் போகிற பார்வை அவருக்கு இப்போதே தெரிந்தது. அதைவிட மோசம், மனசின் ஒரு மூலையில் அது ஒன்றுமில்லாத சமாசாரமாக இருக்கக் கூடாது என்று ஒரு ஆசை இருந்தது. அந்த ஆள் கெட்டவராக இருந்துவிட்டால் எவ்வளவு வசதி. அந்த ஆசையைப் பார்த்து அவரே பயந்துபோனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளா? இத்தனை பேசிவிட்டு அழ வைக்கிறாரா? அழட்டும். வரட்டும். முதுகு, முகம், மூன்று அசைவு. முதுகு, முகம்.

‘அப்பா.’

கதவு திறந்தது அவருக்குக் கேட்கவில்லை. சொல் மட்டும் கேட்டது. தாணு திரும்பவில்லை. இந்த முறை ஏமாற மாட்டார். பாடத்தில் வருகிற அப்பா, கொரியாவில் இருக்கிற அப்பா, யாரோ ஒரு அப்பா.

‘அப்பா! உன்னத்தாம்பா. காது அடைச்சிடுச்சா?’

முதுகுக்குப் பின்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது, மூக்கு நுனியும்.

‘பேசி முடிச்சாச்சா?’ என்றார், திரையைப் பார்த்தபடி.

‘ம்.’

‘எங்கயோ தனியா வரச் சொன்னாரே, எங்க?’ குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். அது சாதாரணமாக இல்லை.

‘யாரு?’

‘ஹான் சார். ரெண்டு தடவை சொன்னாரே. தனியா வான்னு.’

பனி புருவத்தைச் சுருக்கினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய விரல்களுக்கு நடுவில் சிரிப்பு பீறிட்டது, அழுத மூக்கோடு சிரித்ததில் இருமல் வந்தது. ‘ஐயோ அப்பா! தனியா வா இல்ல. தன்யோவா. தன்-யோ-வா. போயிட்டு வான்னு அர்த்தம். அவங்களும் நம்மள மாதிரிதான், வீட்டை விட்டுக் கிளம்புறவங்களை வெறுமனே போன்னு சொல்ல மாட்டாங்க. நான் ஊருக்குப் போறேன் இல்ல, அதுக்குச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.’

தாணு அதற்குள் திரும்பியிருந்தார். அவள் சொன்னபோது அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று அசைவு. ஒரு தடவைகூட மூடவில்லை. கடைசியில் குவிந்து விரிந்தது. அவர் கையை நீட்டி, காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த ஒலியைத் திறந்துவிட்டுக் காட்சியை மறுபடி போட்டார். பேருந்து உறுமியது. முதுகு போயிற்று. முகம் வந்தது. கண்ணாடிக்காரர் சொன்னார்: தன்யோவா.

‘அட, இங்கயும் அதேதான்!’ என்றாள் பனி. ‘என்ன எழுதி வச்சிருக்க?’

‘ஒண்ணும் எழுதல. பைன்னு குடுத்திருக்கான்.’

‘பையா! பாவி. சென்று வான்னு போடு, உட்காரும்.’

‘பஸ் ஸ்டாண்டுல நின்னு எவன்மா சென்று வாங்கிறான், ராஜா வேஷமா போட்டிருக்கான்?’ என்றார். அவள் சிரித்தாள். அவருக்கும் லேசாக வந்தது. பிறகு ஒன்று தோன்றியது. ‘போயிட்டு வா’வில் வருகிற ‘போ’வை அப்பாவின் வாயில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கேமரா மகளின் முதுகைக் காட்டும்போதே அவர் பேசத் தொடங்கிவிடலாம், முதுகுக்கு உதடு கிடையாது. முகம் வரும்போது மிச்சம் இருக்கிற ‘யிட்டு வா’ அந்த மூன்று அசைவின் மேல் உட்காரும். அப்படியே எழுதினார். போ, முதுகின் மேல். யிட்டு வா, முகத்தின் மேல். ஓடவிட்டுச் சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தது. கொரியாவில் இருக்கிற அந்த மனுஷர் தமிழில்தான் சொல்லியிருக்கிறார் என்று நம்பிவிடலாம்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். காலைல ஒண்ணு சொன்னேன், அது. வாயைத் திறந்தார்.

‘சொல்லியாச்சுப்பா’ என்றாள் பனி. ‘யுனிவர்சிட்டிக்கு. இப்பதான் அனுப்பினேன்.’

‘என்ன எடுத்தே?’

அவள் குக்கரைத் திறக்கச் சமையலறைப் பக்கம் நடந்துகொண்டே சொன்னாள், குரலில் கோபம் இல்லை. ‘நீதான் ஒப்புக்கு எடுக்காதேன்னியே. யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் பட்டுது.’

பனிமொழி எடுத்தது கொரியனும் ஜப்பானியமும்.